கோடைமலையும் அமெரிக்கக் கறுப்பு மக்களும்

கோடைக்கானலுக்குப் போகும் அன்பர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். தூண் பாறைகளைப் பார்க்கிறார்கள். கோக்கர் நடையில் உலாவி, மேகம் விலகும் சமயத்தில் கீழே சமவெளி தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். குறிஞ்சி பூக்கும் வருஷமாயிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் இந்த மலைநகர் எப்படிப் பிறந்தது என்று விசாரிப்பவர்கள் வெகு சிலரே. உதகமண்டலத்தைப் போல இதுவும் இங்கிலீஷ் துரைமார் உண்டாக்கிய ஊர்தான் என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள இந்த இடத்தில் 1845-ஆம் வருஷத்தில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்கர்கள். மதுரையில் ஊழியம் செய்து வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள்.

அவர்கள் சொகுசுக்காக மலை ஏறவில்லை. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அவர்களில் பலரைக் காலராவும் காய்ச்சலும் கொண்டு போய்விட்டன. மனைவி மக்களைப் புதைத்துவிட்டு மிஞ்சியவர்கள் முதலில் சிறுமலையில் ஒதுங்கினார்கள். அங்கும் மலைக்காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகே பழனிமலைத் தொடரின் உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்த 1845 என்னும் வருஷத்தை வாசகர்கள் சற்று மனத்தில் நிறுத்திக் கொள்ள வேண்டும். அதே வருஷத்தில், இந்தப் பாதிரிமார்களின் தாய்நாட்டில், பிரெடெரிக் டக்ளஸ் என்ற ஒரு மனிதர் தம்முடைய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். அவர் அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடியவர். தம் பிறந்த நாள் இன்னதென்று அறியாதவர். எழுத்துக் கற்பது குற்றமென்று விலக்கப்பட்டிருந்தும் தெருப்பிள்ளைகளிடம் ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்துக் கற்றுக் கொண்டவர். 1850-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அமெரிக்காவில் சுமார் 32 லட்சம் பேர் அவரைப் போலவே விலைக்கு வாங்கப்பட்டும் விற்கப்பட்டும் வாழ்ந்தார்கள்.

ஒரு சபை, இரண்டு தராசு

மதுரைப் பாதிரிமார்களை அனுப்பியது 1810-இல் ஸ்தாபிக்கப்பட்டு பாஸ்டன் நகரில் தலைமைக் காரியாலயம் வைத்திருந்த ஒரு மிஷன் சங்கம். அதற்கு உலகத்தின் பல பாகங்களிலும் கிளைகள் இருந்தன. அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி, சோக்டா ஜனங்களிடையேயும் அது வேலை செய்தது. அந்த ஜனங்களில் வசதியுள்ள சிலர் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். அவர்களைச் சபையில் சேர்த்துக் கொள்ளலாமா? அடிமை வைத்திருப்பவன் கொடுக்கும் காணிக்கையை வாங்கலாமா? இந்தக் கேள்வி சங்கத்தை வருஷக் கணக்காக உலுக்கியது.

1845-இல் ப்ருக்ளினில் கூடிய மகாசபையில் இது பெரிய விவாதமாயிற்று. அடிமை முறை தீமையானதுதான் என்று எல்லோரும் ஒப்புக் கொண்டார்கள். ஆனால் அது சமூகத்தின் அமைப்பிலேயே ஊறிப்போன குற்றம், ஆகவே அடிமை வைத்திருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைச் சபையிலிருந்து விலக்குவது முறையன்று என்ற கட்சியே அங்கே வென்றது. மனம் பொறாதவர்கள் பிரிந்து சென்று 1846-இல் வேறொரு சங்கம் கண்டார்கள்.

இனிக் கடல் கடந்து மதுரைக்கு வருவோம். 1847-இல், அதே சங்கத்தின் மதுரைக் கிளை ஒரு கடுமையான தீர்மானம் செய்தது. சாதியை அடியோடு கைவிடாதவர் எவரும் சபையில் அங்கத்தினராக இருக்கலாகாது என்பதே அது. சாதியை விட்டதற்கு அடையாளம், தாழ்த்தப்பட்டவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பது. இதற்கு இணங்காத அநேகர் விலக்கப்பட்டார்கள். சபையின் உபதேசிமார்கள் பலரும் அவர்களில் இருந்தார்கள்.

இந்தத் தீர்மானம் தவறு என்று நாம் சொல்லவில்லை. சாதியும் சமூகத்தின் அமைப்பிலேயே ஊறிய குற்றந்தான். இருந்தும் அதைத் தனி மனிதன் விட்டே தீர வேண்டும் என்று மதுரையில் கேட்டார்களே, அது நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியைச் சொந்த நாட்டிலே கேட்க அந்தச் சங்கத்துக்கு நா எழவில்லை. பிறர் வீட்டுத் தூணிலுள்ள கறையான் நம் கண்ணுக்கு உடனே தெரிகிறது. நம் வீட்டுத் தூண் என்றால், அதை அசைத்தால் கூரை விழுந்துவிடும் என்று நியாயம் பேசுகிறோம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்ற பழமொழி பாஸ்டனுக்கும் பொருந்தும், மதுரைக்கும் பொருந்தும்.

விடுதலைக்குப் பிறகு

உள்நாட்டு யுத்தம் முடிந்து 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. கறுப்பர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 1870-இல் ஆண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. ஆனால் தென் மாகாணங்கள் வெகு சீக்கிரத்தில் வேறு சட்டங்களை இயற்றிக் கொண்டன. ரெயிலில் தனி வண்டி, பள்ளிக்கூடம் தனி, ஆஸ்பத்திரி தனி, தண்ணீர்க் குழாய் தனி, மயானமுங்கூடத் தனி. 1896-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே, வசதிகள் சமமாயிருந்தால் பிரித்து வைப்பதில் குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. சமமாயிருந்தனவா என்று பார்க்க யாரும் வரவில்லை.

நம் நாட்டுக் கிராமங்களில் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குவளை வைத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டு நடந்தவர்களுக்கு, வெள்ளைக்காரர் எதிரே வந்தால் நடைபாதையை விட்டு இறங்கி நின்ற கறுப்பு மனிதரின் மனம் உடனே புரியும்.

இன்னும் ஒரு நுட்பமான கொடுமை உண்டு. வெள்ளையர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் மரியாதைப் பட்டம் சேர்த்து அழைப்பார்கள். கறுப்பு மனிதர் எழுபது வயதுக் கிழவராயிருந்தாலும் அவர்களுக்குப் ‘பையன்’தான். புல்மன் கம்பெனியின் ரெயில் வண்டிகளில் படுக்கை விரித்துக் கொடுத்த கறுப்புச் சிப்பந்திகள் எல்லோரையும் பிரயாணிகள் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். ஜார்ஜ் என்பது முதலாளியின் பெயர். முதலாளியின் பெயராலேயே வேலைக்காரனை அழைப்பது அடிமைக் காலத்து வழக்கத்தின் மிச்சம். 1963-இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்புப் பெண்மணி, நீதிமன்றக் கூண்டில் தம்மை வெறுமே ‘மேரி’ என்று வக்கீல் அழைத்தபோது பதில் சொல்ல மறுத்தார். அதற்காக அவருக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. நம் மொழியில் ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும், ‘வாடா’ என்றும் ‘வாருங்கள்’ என்றும் இருக்கும் வித்தியாசத்தின் எடையை நாம் அறிவோம். அந்தப் பெண்மணி கேட்டது அந்த ஒரு விகுதிதான்.

அன்றாட வாழ்க்கை

கொடுமைகளை மட்டும் அடுக்கினால் அந்த மக்களை நாம் பாதிதான் அறிந்தவர்களாவோம். 1882 முதல் 1968 வரை 3,446 கறுப்பர்கள் கும்பல்களால் கொல்லப்பட்டதாக டஸ்கீகி கலாசாலையின் கணக்குச் சொல்லுகிறது. அப்படிப்பட்ட தேசத்தில் அவர்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள், எப்படிச் சிரித்தார்கள், பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்பதல்லவா ஆச்சரியம்!

குடும்பத்தோடு வெளியூர்ப் பிரயாணம் என்றால், நம் வீட்டுப் பெண்மணிகள் புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டுவதுபோல், அந்த வீட்டுப் பெண்மணிகள் செருப்புக் கடை அட்டைப் பெட்டியில் பொரித்த கோழியும் கேக்கும் கட்டி வைப்பார்கள். வழியில் எந்த ஹோட்டலிலும் சாப்பாடு கிடைக்காது என்பதே காரணம். எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எந்தக் கடையில் மோட்டாருக்கு எண்ணெய் போடுவார்கள் என்று தெரிவிக்கும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் வெளியிட்டார். அது சுமார் 30 வருஷகாலம் நடந்தது. ‘ஜார்ஜ்’ என்று அழைக்கப்பட்ட ரெயில் சிப்பந்திகளோ, சிகாகோவில் அச்சான கறுப்பர்களின் பத்திரிகையைத் தென் மாகாணங்களுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். 1925-இல் அவர்கள் ராண்டால்ஃப் என்பவரின் தலைமையில் சங்கம் அமைத்து, 1937-இல் கம்பெனியையே ஒப்பந்தத்துக்கு வரச் செய்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் பணி செய்யும் நமக்கு அவர்களுடைய பள்ளிக்கூடங்களின் கதையே மிகவும் உருக்கமாகப் படுகிறது. 1846-இல் பிரிந்து சென்ற சங்கத்தைப் பற்றி மேலே சொன்னோம். அந்தச் சங்கம் யுத்தத்துக்குப் பிறகு விடுதலை பெற்றவர்களுக்காகப் பல கலாசாலைகளைத் திறந்தது. ஃபிஸ்க் கலாசாலை அவற்றில் ஒன்று. அது பணமுடையால் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1871-இல் அதன் மாணவர்கள் சிலர் ஒரு பாட்டுக் கோஷ்டியாகப் புறப்பட்டு, அடிமைக் காலத்துப் பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடிப் பணம் சேர்த்துக் கலாசாலையைக் காப்பாற்றினார்கள். அந்த மரபில் வந்த ஒரு கோஷ்டி 1890-ஐ ஒட்டி இந்தியாவுக்கும் வந்து பாடியது.

கிராமங்களிலே, புக்கர் வாஷிங்டனின் யோசனைப்படி ரோசன்வால்ட் என்ற தனவந்தர் பணம் கொடுக்க, 1932-க்குள் சுமார் 5,000 பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. தனவந்தர் கொடுத்தது ஒரு பங்குதான். ஊரார் மரம் வெட்டினார்கள், கோழி விற்றார்கள், பருத்தி வயலின் ஒரு மூலையைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கினார்கள். அவர்கள் கொடுத்த வரிப்பணம் வெள்ளையர் பள்ளிக்குப் போய்விட்டபடியால், தங்கள் பிள்ளைகளுக்காக இரண்டாந் தடவையும் கொடுத்தார்கள். அந்தப் பள்ளிகளில் கற்பித்த ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம். இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்த ஏலின் பிளாக் என்ற ஆசிரியைக்கு 1939-இல் வேலை போயிற்று. அடுத்து மெல்வின் ஆல்ஸ்டன் என்ற ஆசிரியர் துணிந்து வழக்கை ஏற்றார். 1940-இல் மேல்கோர்ட் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

முன்பணம்

இனி மறுபடியும் நம் மலைக்கு வருவோம். பழனிமலைத் தொடரின் ஆதிகுடிகள் பளியர்கள். தேனும் கிழங்கும் எடுத்து, காட்டையே வீடாகக் கொண்டிருந்தவர்கள். காப்பித் தோட்டங்களும் காட்டிலாகாவும் வந்த பிறகு காடு அவர்கள் கையைவிட்டு நழுவியது. தங்கள் மலையிலேயே அவர்கள் கூலிகளானார்கள். முன்பணம் வாங்கிய பளியர்கள் அநேகர் அந்தக் கடனுக்கு ஈடாகத் தோட்டத்தோடு கட்டுண்டு கிடந்தார்கள்.

இந்த முன்பணம் என்பதன் வேலையை அலபாமாவில் பார்ப்போம். அலோன்ஸோ பெய்லி என்ற கறுப்புத் தொழிலாளி 15 டாலர் முன்பணம் பெற்று, மாதம் 12 டாலருக்கு ஒரு வருஷம் பண்ணைவேலை செய்ய ஒப்புக் கொண்டார். ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக வேலை செய்துவிட்டு நின்றுவிட்டார். கடன் தீராமல் வேலையை விட்டவன் மோசடிக்காரன் என்பது அந்த மாகாணத்துச் சட்டம். ஆகவே அவருக்குத் தண்டனை விதித்தார்கள். 1911-இல் உச்ச நீதிமன்றம், இது வேறு பெயரில் வந்த அடிமை முறையே என்று கூறி அந்தச் சட்டத்தைச் செல்லாதாக்கியது.

நம் நாட்டிலும் அதே சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் சிறையில் தள்ளலாம் என்று 1859-இல் கம்பெனி ராஜ்யம் முடிந்த கையோடு ஒரு சட்டம் செய்தார்கள். முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென்று வந்த அச்சட்டம் பிறகு தோட்டங்கள் வரையில் நீண்டது. 1926 வரையில் அது உயிரோடிருந்தது. அதாவது அலபாமாவில் செத்த பிறகும் இங்கே 15 வருஷம் வாழ்ந்தது. கொத்தடிமை முறையை முற்றும் ஒழிக்கும் சட்டம் சுதந்தர இந்தியாவில் 1976-இல் தான் வந்தது. காட்டின்மீது ஆதிகுடிகளுக்கு உள்ள உரிமையை ஒப்புக் கொள்ளும் சட்டம் வர 2006 ஆயிற்று.

மலைக்கு மோட்டார் பாதை முதல் உலக மகாயுத்த காலத்தில் வந்தது. அதற்கு முன் துரைமார்களும் துரைசானிகளும் பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து மலை ஏறினார்கள். அவர்களையும், அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும், பியானோ போன்ற கனமான சாமான்களையும் தோளில் சுமந்தவர்கள் நம் ஜனங்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அமெரிக்க ரெயில் சிப்பந்திகள் எல்லோருக்கும் ‘ஜார்ஜ்’ என்று பெயர். இங்கே எல்லோருக்கும் ‘கூலி’ என்று பெயர்.

மலையடிவாரத்தில் ஒரு விருந்தினர்

1936 பிப்ரவரியில், ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பு அறிஞரும் அவருடைய மனைவியார் ஸூ பெய்லியும் பர்தோலியில் மகாத்மா காந்தியைக் கண்டார்கள். காந்தியடிகள் அவர்களைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு அவர்களுடைய ஜனங்களின் நிலைமையை அறிந்தார். அமெரிக்காவுக்கு வரவேண்டுமென்று அம்மையார் வேண்டினார். இங்கே முதலில் செய்து காட்டாமல் அங்கே வந்து பேச நமக்குத் தகுதி இல்லை என்ற கருத்தில் அடிகள் மறுத்துவிட்டார். கலப்பற்ற அஹிம்சையின் செய்தி ஒருவேளை கறுப்பு மக்களின் மூலமாகவே உலகுக்குக் கிடைக்கலாம் என்றும் அன்று அவர் கூறினார்.

அந்த வாக்குப் பலித்தது. 1955 டிசம்பரில் ரோஸா பார்க்ஸ் அம்மையார் பஸ்ஸில் இடம் விட்டு எழ மறுத்ததிலிருந்து, மாண்ட்கோமெரி நகரத்துக் கறுப்பு மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தே வென்றார்கள். அவர்களை நடத்திச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது, திண்டுக்கல்லுக்கு அருகே, மேற்கே பழனிமலைத் தொடர் தெரியும் காந்திகிராமத்துக்கும் வந்தார். சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது.

அதன்பின் திருவனந்தபுரத்தில், ஹரிஜனப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தம் நாட்டில் இரண்டு கோடிக் கறுப்பு மக்கள் வாழும் சேரிகளை நினைத்துப் பார்த்து, ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக் கொண்டதாக 1965-இல் அட்லாண்டாவில் தம் சபையாரிடம் கூறினார். தன் நாட்டின் பெருமைக்கும் தன் ஜனங்களின் உண்மைக்கும் நடுவே நின்றபோது அவர் உண்மையின் பக்கம் சாய்ந்தார்.

நம் பங்கு

கிங் முதலியோரின் முயற்சியால் 1964-இல் சிவில் உரிமைச் சட்டமும், 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. மிசிசிப்பி மாகாணத்தில் 100 கறுப்பர்களில் 7 பேர்கூட வாக்காளராகப் பதிந்திராத நிலை மாறி, இரண்டே வருஷத்தில் சுமார் 60 பேர் பதிந்தார்கள். சட்டம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020 மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவரின் கழுத்தின்மேல் ஒரு போலீஸ்காரர் முழங்காலை ஊன்றிக் கொன்றதை உலகமே பார்த்தது. நாமும் பார்த்து மனம் கொதித்தோம்.

கொதித்தது நன்று. ஆனால் நம்முடைய 17-ஆவது ஷரத்து தீண்டாமையை 1950-இலேயே ஒழித்துவிட்டது என்பதையும், அதன்பின் 1997 ஜூனில் மதுரை ஜில்லா மேலவளவில், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்குத் தேர்தலில் நின்று வென்ற முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பஸ்ஸில் வந்து கொண்டிருந்தவர்களைத்தான் வழிமறித்தார்கள். அதே ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் அவ்வாறு ஒதுக்கிய பதவிக்கு 1996 முதல் பத்து வருஷம் தேர்தலே முறையாக நடக்கவில்லை. 2006-இல் தான் நடந்தது. மிசிசிப்பியைப் பற்றிப் படித்துப் பெருமூச்சு விடும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நான்கு ஊர்களின் பெயரும் தெரிந்திருக்க வேண்டாமா?

வகுப்பில் அமெரிக்க அடிமைகளின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் கலங்குகிறார்கள். உள்ளூர்க் கதையைத் தொடங்கினால் சிலர் தலை குனிகிறார்கள். சிலர் முகத்தில் கோபம் தெரிகிறது. தூரத்துத் துக்கத்துக்கு அழுவது சுலபம். அதற்கு நாம் எதையும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ப்ருக்ளினில் கூடியவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களில் பலர் நம்மைவிடத் தியாகம் செய்தவர்களே. இருந்தும் சொந்த வீட்டுக் கேள்வி வந்தபோது நியாயம் தேடினார்கள். அவர்களுடைய சரித்திரம் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

அடுத்த கோடையில் மலை ஏறும் அன்பர்கள் தூண் பாறைகளைப் பார்க்கட்டும். ஏரியில் படகும் விடட்டும். பெட்டி தூக்க வருபவரையும், தேநீர் கொண்டு வரும் பையனையும், தேன் விற்க வரும் பளியர் பெண்மணியையும் குழந்தைகள் எதிரே ‘நீங்கள்’ என்று அழைக்கட்டும். அவர்கள் பெயரையும் கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும். மேரி ஹாமில்டன் சிறைக்குப் போய்க் கேட்ட அந்த மரியாதையை நாம் ஒரு செலவுமில்லாமல் கொடுக்கலாம்.